கடல் காத்த கலம்

‘கலம்’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். கடலிற் செல்வது மரக்கலம். அடுக்களையிற் பயில்வது மட்கலம். மேனிக்கு அழகு செய்வது அணிகலம். இம்மூன்றும் தம்முள் வேறானவை. ஆயினும், கொரிய நாட்டுக் கடலடியில் எண்ணூறு ஆண்டுகள் கிடந்து வெளிப்பட்ட சாடி ஒன்றின் வரலாற்றில் இம்மூன்று பொருளும் ஒருங்கே வந்து கூடுகின்றன. அச்சாடி மண்ணால் ஆகிய கலம். மரக்கலத்தில் ஏறிச் சென்ற கலம். தன் மேனியில் தாமரையை அணியாகப் பூண்ட கலம். அதனோடு ஒரு சிறிய மூங்கில் ஏடும் கிடைத்தது. அவ்வேடு இல்லையேல், சாடி அழகிய பொருளாக மட்டுமே நின்றிருக்கும். ஏடு உடனிருந்தமையால் அது நம்மோடு பேசுகின்றது. அது பேசும் செய்தி யாது? பேச இயலாமற்போன அதன் உடன்பிறப்புகளின் நிலை யாது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நாடும் கலமும்

கொரியா, சீன நாட்டிற்கும் ஜப்பானுக்கும் இடையே கடலுள் நீண்டு கிடக்கும் தீபகற்பம். கி. பி. 918 முதல் 1392 வரை அந்நாட்டைக் கோரியோ என்னும் அரச மரபினர் ஆண்டனர். கொரியா என்று இன்று உலகம் வழங்கும் பெயரும் அம்மரபின் பெயரினின்று பிறந்ததே. அவர்தம் தலைநகர் கேகியாங். இன்று வடகொரிய நாட்டில் கேசாங் என்னும் பெயருடன் விளங்குவது அந்நகரே.

சீன நாட்டின் கீழைக் கடற்கரையில், செஜியாங் பகுதியில், யூவே சூளைகள் என்று பெயர் பெற்ற சூளைகள் இருந்தன. பச்சை நிற மெருகு ஏற்றிய கலங்கள் அங்கே செய்யப்பட்டன. அத்தொழிலின் நுட்பம் பத்தாம் நூற்றாண்டளவில் கொரிய நாட்டுக் குயவர்க்குக் கைவந்தது. கற்றதைக் கற்றவாறே திரும்பச் செய்வதோடு அவர்கள் அமைந்தாரல்லர். தம் நாட்டு மண்ணையும் விறகையும் ஆராய்ந்து, தம் கண்ணுக்கு இனிய நிறத்தை நாடி, இரு நூற்றாண்டுகள் உழைத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர்தம் கலை உச்ச நிலையை அடைந்தது. நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள காங்ஜின், அதற்கு வடக்கே உள்ள புவான் ஆகிய இரண்டு இடங்களும் இத்தொழிலின் தாயகங்களாக விளங்கின. காங்ஜின் பகுதியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பழஞ்சூளைகளின் எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

ஈண்டுப் ‘பச்சை’ என்னும் சொல்லைச் சிறிது தெளிந்துகொள்ளல் வேண்டும். நம் வழக்கில் பச்சைப் பானை என்பது சூளையில் இட்டுச் சுடாத பானையைக் குறிக்கும். கொரிய நாட்டுக் கலமோ இருமுறை சுடப்பட்டது. அதற்குரிய பச்சை நிறம் பற்றியதே. அந்நிறமும் இலைப் பச்சை அன்று. கிளிப் பச்சையும் அன்று. தெளிந்த குளத்தின் ஆழத்தை உற்றுநோக்கும்போது தோன்றும் நீலம் கலந்த பசுமை அது. இவ்வகைக் கலங்களை மேலை நாட்டார் செலடன் என்பர். கோரியோ நாட்டு மக்கள் தம் கலத்தின் நிறத்தைப் ‘பிசேக்’ என்று பெயரிட்டுப் பெருமையோடு வழங்கினர். மீன்கொத்திப் பறவையின் இறகையும், பச்சை மணியையும் நினைவூட்டும் சொல் அது.

இப்பெருமை தற்புகழ்ச்சியன்று. கி. பி. 1123ஆம் ஆண்டு சீனப் பேரரசின் தூதுக்குழுவினருள் ஒருவராகச் சூ ஜிங் என்பார் கோரியோ நாட்டிற்கு வந்தார். தாம் கண்டவற்றை எல்லாம் எழுதி, மறு ஆண்டு தம் அரசரிடம் அளித்தார். அந்நூலில் அவர் அந்நாட்டுக் கலங்களையும் குறிப்பிட்டுள்ளார். அண்மைக் காலத்தில் அவற்றின் வேலைப்பாடு சிறந்துள்ளது என்றும், நிறம் அதனினும் சிறந்துள்ளது என்றும் அவர் பாராட்டினார். சிங்க வடிவில் அமைந்த நறும்புகைக் கலம் ஒன்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆசிரியர் நாட்டவரே மாணவர் நாட்டின் கைத்திறனை மெச்சினர் என்றால், அதனினும் உயர்ந்த சான்று வேறு வேண்டுமோ?

மண் மணியான வகை

இக்கலம் உருவாகும் வகையை அறிந்தாலன்றி இதன் அருமை புலப்படாது. குயவர் முதலில் மண்ணைத் தேர்ந்து, நீரிற் கரைத்து, கல்லும் மணலும் நீங்குமாறு வடித்து எடுப்பர். பின்னர் அதனைப் பிசைந்து பதப்படுத்திச் சக்கரத்தில் ஏற்றுவர். சிறிய வாய், அகன்ற தோள், தோளினின்று மெல்ல ஒடுங்கி இறங்கும் உடல் என்னும் அமைப்புடைய சாடிக்கு ‘மேபியோங்’ என்று பெயர். அது ‘பிளம்’ என்னும் மரத்தின் மலர்க்கொம்பைச் செருகும் குப்பி எனப் பொருள்படும். நாம் இங்குப் பேசும் சாடியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சக்கரத்தினின்று இறக்கிய சாடியை நிழலில் உலர்த்துவர். அது முற்றும் ஈரமாகவும் இருத்தல் கூடாது. முற்றும் உலர்ந்தும் போதல் கூடாது. ஈரமாயின் கருவி பட்ட இடம் குழையும், உலர்ந்துவிடின் சிதறும். பதனிட்ட தோலைப்போல மண் இறுகியிருக்கும் அந்த இடைப்பொழுதே ஓவியம் தீட்டுதற்கு உரிய பொழுது. குயவர் கூரிய கருவியை எடுத்துச் சாடியின் மேனியில் தாமரையைக் கீறுவார். கருவியைச் செங்குத்தாகப் பிடித்தால் மெல்லிய கோடு விழும். சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் ஆழ்ந்து, மறுபக்கம் சரிந்து எழும் அகன்ற கோடு விழும். இதழின் விளிம்பிற்கு ஒன்று, இதழின் நரம்பிற்கு மற்றொன்று என இருவகைக் கோடுகளையும் அவர் ஆள்வார். எழுதியதை அழித்து எழுதுதல் இங்கு எளிதன்று. ஒரு கோடு பிழைத்தால் அது பிழைத்ததே. ஆதலின், கை அசையுமுன் தாமரை முழுவதும் அவர் உள்ளத்தில் மலர்ந்திருத்தல் வேண்டும்.

கீறிய சாடி முதற்கண் ஏறத்தாழ 700 அல்லது 800 டிகிரி வெப்பத்தில் சுடப்படும். அதன் பின்னரே அதற்கு மெருகு பூசுவர். மரச்சாம்பல், நுண்ணிதாக அரைத்த கற்பொடி, மண் ஆகியவற்றை நீரிற் கலந்த குழம்பே மெருகு. அதில் இரும்புச் சத்துச் சிறிதளவு கலந்திருக்கும். நூற்றில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் இராது. நிறம் முழுவதும் அச்சிறு பங்கினைப் பொறுத்ததே. மெருகு பூசிய சாடியை, சாம்பலும் தீக்கொழுந்தும் நேரே படாதவாறு மட்கூட்டினுள் வைப்பர். உயர்ந்த வேலைப்பாடுள்ள கலங்களின் அடியில் எள் அளவான வெண்கற்கள் மூன்று நான்கை முட்டாகக் கொடுப்பர். அவ்வாறு செய்தால் மெருகு உருகித் தரையோடு ஒட்டாது. அடிப்பகுதியும் குறைவின்றி மெருகு பெறும். இன்றும் அக்கலங்களைக் கவிழ்த்துப் பார்த்தால், எள் தெளித்தாற்போன்ற அச்சிறு வடுக்களைக் காணலாம்.

மலைச்சரிவில் நீண்ட குகைபோல் அமைந்த சூளையில் இரண்டாம் முறை சுடுதல் நிகழும். விறகிட்டு ஏறத்தாழ 1,200 டிகிரி வரை வெப்பத்தை உயர்த்துவர். அந்நிலையில் சூளையினுள் புகும் காற்றை அடைத்துக் குறைப்பர். எரிதற்குரிய பிராணவாயு போதாமையால், தீ மெருகினுள் இருக்கும் இரும்புத் துருவினின்று பிராணவாயுவைப் பறித்துக்கொள்ளும். பழுப்பு நிறம் தரவேண்டிய இரும்பு இதனாற் பசுமை நிறம் தரும். காற்று மிகுதியாகப் புகுந்துவிட்டால் கலம் பழுத்த இலைபோல் மாறிவிடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியிற் பாழாகும். வெப்பமானி இல்லாத அக்காலத்தில், தீயின் நிறத்தைக் கண்ணாற் கண்டே அவர்கள் இதனை அறிந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

உருகிய மெருகு தாழ்ந்த இடத்தை நாடிப் பாய்வது இயல்பு. ஆதலின் அது கீறிய கோடுகளில் தேங்கி, அங்கே தடித்து நிற்கும். தடித்த இடத்தில் பசுமை மிகும். அதனால் வேறு வண்ணம் எதுவும் தீட்டாமலேயே தாமரை தோன்றும். தொலைவினின்று காண்பார்க்கு அது வெறும் பச்சைச் சாடியே. அருகிற் சென்று சிறிது நேரம் நோக்குவார்க்கே, நீரினடியினின்று எழுவதுபோல் இதழ்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். பொன்னும் மணியும் மேலே வைத்து இழைத்தல் கூட்டுதலால் வரும் அழகு. இதுவோ மண்ணைக் குறைத்தலால் வந்த அழகு.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இக்கீறல் முறையினின்று மற்றொரு முறையும் வளர்ந்தது. கீறிய பள்ளத்தில் வெண்மண்ணையும் செம்மண்ணையும் பதித்துச் சுடுவர். வெண்மண் வெண்ணிறமாகவும் செம்மண் கருநிறமாகவும் தோன்றும். நாரையும் முகிலும், நீர்நாணலும் செவ்வந்தியும் இவ்வாறு வெண்மையும் கருமையுமாக மலர்ந்தன. இப்பதிப்போவியம் பரவிய பின்னரும் கீறல் ஓவியத்தைக் குயவர் முற்றும் கைவிட்டாரல்லர்.

கடல் வழி

சூளைகள் தெற்கே இருந்தன. வாங்குவோர் வடக்கே தலைநகரில் இருந்தனர். மலைகள் மலிந்த நாடாதலின், கனத்த சுமைகளைத் தரைவழியே கொண்டு செல்லுதல் அரிது. எனவே அரசிறையாகிய நெல்லும், பசுமை மெருகுக் கலங்களும் மரக்கலங்களில் ஏறி, மேலைக் கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் சென்றன.

அவ்வழியின் இடையே தேயான் என்னும் பகுதி உள்ளது. அங்கே நீரோட்டம் விரைவானது, நீருள் மறைந்த பாறைகள் பல, மூடுபனியும் மிகுதி. ‘செல்லுதற்கு அரிய வழி’ எனப் பொருள்படும் பெயராலேயே மாலுமிகள் முன்பு அந்நீர்வழியைக் குறித்தனர். பின்னர் அப்பெயர் ‘அன்ஹங்’ என மாற்றப்பட்டது. அஃது அமைதியும் ஆக்கமும் குறிக்கும் பெயர். அஞ்சத்தக்கதை நல்ல சொல்லால் வழங்குதலை நம் இலக்கணத்தார் மங்கலம் என்பர். அம்மங்கல வழக்கு அந்நாட்டிலும் உண்டு போலும்! ஆனால் பெயரை மாற்றியதால் பாறைகள் விலகவில்லை. அந்நீர்வழியைத் தவிர்க்கக் கருதி, 1134ஆம் ஆண்டில் இன்ஜோங் மன்னர் காலத்தில் நிலத்தை வெட்டிக் கால்வாய் அமைக்க முயன்றனர். அம்முயற்சி நிறைவேறவில்லை. மரக்கலங்கள் தொடர்ந்து அவ்வழியே சென்றன. அவற்றுட் பல மூழ்கின.

பேய்க்கணவாய் காட்டிய புதையல்

மூழ்கியவற்றை உலகம் மறந்தது. 2007ஆம் ஆண்டு தேயான் கடலில் மீனவர் ஒருவர் பேய்க்கணவாய் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டுக் கைகளையுடைய அவ்வுயிரில் சிறியதொரு வகையைப் பிடிக்க, அப்பகுதி மீனவர் சங்குகளைக் கயிற்றிற் கோத்துக் கடலடியில் இறக்குவர். அது சங்கினுட் புகுந்து, கல்லையோ சிப்பியையோ இழுத்து வாயிலை அடைத்துக்கொண்டு தங்கும். அன்று மேலே வந்த சங்கு ஒன்றில் இருந்த உயிர், கல்லுக்கு மாறாகப் பச்சை நிறத் தட்டு ஒன்றைக் கதவாகப் பற்றிக்கொண்டிருந்தது. மீனவர் அத்தட்டின் அருமையை உணர்ந்தார். அதனை மறைத்து வைக்காமலும் விற்காமலும் உரிய அலுவலர்க்குத் தெரிவித்தார்.

அறிஞர்கள் அவ்விடத்தில் மூழ்கி ஆராய்ந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக்கலம் ஒன்று அங்கே கிடந்தது. இருபதாயிரத்திற்கு மேற்பட்ட பச்சை மெருகுக் கலங்கள் வெளிவந்தன. கிண்ணங்களும் தட்டுகளும், தேரை வடிவில் அமைந்த மைக்கல் ஒன்றும் அவற்றுள் இருந்தன. சரக்கோடு கட்டியிருந்த மரச்சீட்டுகளும் கிடைத்தன. அவற்றில் எழுதியிருந்த இடப்பெயர் காங்ஜினின் பழம் பெயராகும். கலங்கள் காங்ஜினில் ஏறித் தலைநகர்க்குப் புறப்பட்டவை என்பது அதனால் ஐயமின்றித் தெளிவாயிற்று. அச்சுமையின் அடியில் மனித எலும்புகளும் காணப்பட்டன. அழகிய பொருள் ஒவ்வொன்றின் பின்னும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் உளர் என்பதற்கு அவ்வெலும்புகளே சான்று.

மூங்கில் ஏடு

தேயானை அடுத்து மாதோ என்னும் தீவு உள்ளது. அதன் அருகில் அடுத்த சில ஆண்டுகளில் வேறு பழைய மரக்கலங்களும் கண்டறியப்பட்டன. 2010ஆம் ஆண்டு அகழ்ந்து ஆராய்ந்த ‘மாதோ இரண்டாம் மரக்கலம்’ அவற்றுள் ஒன்று. அது பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது. தானியங்களும், உப்பிட்ட கடலுணவும் ஏற்றிச் சென்ற அக்கலத்தில் இரண்டு மேபியோங் சாடிகள் கிடைத்தன. ஒன்று பதிப்போவியம் உடையது. மற்றொன்று தாமரைக் கொம்புகளைக் கீறல் ஓவியமாகப் பூண்டது. இப்பாடத்தின் தலைவி அவளே எனலாம். ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவான உயரம்; எண்ணூறு ஆண்டு சேற்றிற் கிடந்தும் மங்காத மெருகு.

இவ்விரு சாடிகளோடும் ஒவ்வொரு மூங்கில் ஏடு இணைந்திருந்தது. ஏட்டின் தலைப்பகுதியில் இருபுறமும் வெட்டிய காடியிற் கயிற்றைச் சுற்றிச் சரக்கோடு பிணைப்பது அக்கால வழக்கம். மையால் எழுதிய சீன எழுத்துகள் சில அவ்வேடுகளில் இருந்தன. அவற்றின் கருத்து எளியது. படைத்தலைவர் அவையைச் சேர்ந்த ஓ முன்பூ என்னும் அலுவலரின் இல்லத்திற்கு அச்சரக்கு அனுப்பப்பட்டது. ஒரு சாடியில் நல்ல தேன் நிரப்பி மூடியது. மற்றொன்றில் எள்ளெண்ணெய் நிரப்பி மூடியது. எண்ணெயைக் குறிக்க ஏட்டில் ‘மெய்ம்மை’ எனப் பொருள்படும் எழுத்து ஒன்றே எழுதப்பட்டிருந்தது. கொரிய மக்கள் எள்ளெண்ணெயை இன்றும் ‘மெய்யெண்ணெய்’ என்னும் பொருள்பட வழங்குகின்றனர். நாம் அதனையே நல்லெண்ணெய் என்கிறோம்.

இச்சிறு குறிப்பு அறிஞர் உலகில் பெரிய மாற்றத்தை விளைத்தது. மேபியோங் சாடியின் பெயரையும் வடிவையும் கொண்டு, அது மலர்க்கொம்பு செருகும் அழகுக் கலம் என்று கருதினாரும், மது வைக்கும் கலம் என்று கருதினாரும் பலர். தேனும் எண்ணெயும் நிறைத்துக் கப்பலேற்றும் கலமாகவும் அது பயன்பட்டது என்பதை எவரும் உறுதியாகச் சொல்லக்கூடவில்லை. அன்றியும், ஏட்டில் அச்சாடியை மேபியோங் என்னும் பெயரால் குறிக்கவில்லை. சாடி எனப் பொருள்படும் பொதுச் சொல்லாலேயே குறித்திருந்தனர். விரலளவான ஏடு ஒன்று பெயர், பயன், உடையவர் என்னும் மூன்றிற்கும் விடை கூறிற்று. தென்கொரிய அரசு இச்சாடிகளையும் ஏடுகளையும் 2012ஆம் ஆண்டு நாட்டின் செல்வங்கள் வரிசையில் சேர்த்தது. சாடியை மட்டும் சேர்க்காமல் ஏட்டையும் உடன்சேர்த்தது கருதத்தக்கது.

இவ்வேடு மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. தேன் வைக்கும் கலத்திற்குத் தாமரை எதற்கு? தாமரை இல்லாவிடினும் எண்ணெய் ஒழுகிவிடாது. எனினும் குயவர் அதனைக் கீறினார். அழகு வேறு, பயன் வேறு என்று அவர் பிரித்து எண்ணவில்லை. அடுக்களையில் நிற்கும் சாடியும் அழகுடையதாதல் வேண்டும் என்று கருதிய மக்களின் வாழ்க்கையை நாம் இதனால் அறிகிறோம். பெற்றவர் பெயர் ஏட்டில் உள்ளது. உள்ளிருந்த பொருளின் பெயரும் உள்ளது. செய்தவர் பெயர் இல்லை. தாமரையின் கோடுகளே அவர் இட்ட கையெழுத்து.

ஊமையான கலங்கள்

கடலில் மூழ்கிய கலங்கள் இவ்வாறு பேச, நிலத்தில் இருந்த கலங்கள் பல ஊமையாயின. இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

கி. பி. 1231 முதல் மங்கோலியர் கோரியோ நாட்டின்மீது பலமுறை படையெடுத்தனர். 1232இல் அரசவை காங்ஹ்வா என்னும் தீவிற்குப் பெயர்ந்தது, 1270இல்தான் மீண்டது. பதினான்காம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர் கரையோர ஊர்களைச் சூறையாடினர். குயவர் கடற்கரையை விட்டு உள்நாட்டில் சிதறினர். பசுமை மங்கியது, வேலைப்பாடு தளர்ந்தது. 1392இல் அரச மரபும் மாறிற்று. புதிய மரபினர் காலத்தில் வெண்மெருகுக் கலங்கள் சிறப்புப் பெற்றன. பச்சை மெருகின் பழைய நுட்பம் வழக்கொழிந்தது.

ஆயினும் கோரியோ காலத்துப் பெருமக்களின் கல்லறைகளில் அவர்களோடு புதைத்த கலங்கள் அறுநூறு எழுநூறு ஆண்டுகள் உறங்கிக் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவற்றின் விலையை அறிந்தோர் கேசாங் நகரைச் சூழ்ந்த கல்லறைகளைத் தோண்டலாயினர். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சியின்கீழ் இருந்தது. அக்காலத்திலும் அதனையொட்டிய ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கான கலங்கள் இருளில் எடுக்கப்பட்டு, கை மாறி, கடல் கடந்து சென்றன. தோண்டியோர் கலத்தைக் கண்டார்களே அன்றி, அது எக்கல்லறையில், எப்பொருளின் அருகில் இருந்தது என்று குறித்து வைத்தாரல்லர்.

இத்தீமையைத் தடுக்க முன்வந்தோரும் இருந்தனர். ஜோன் ஹியோங்பில் என்பவர் 1906இல் பிறந்த செல்வர். தம் நாட்டுக் கலைச்செல்வம் அயலார் கைக்குப் போதலைக் கண்டு வருந்தி, தம் செல்வத்தை எல்லாம் அவற்றை மீட்பதிற் செலவிட்டார். முகிலிடையே நாரைகள் பறக்கும் பதிப்போவியச் சாடி ஒன்றை, 1935ஆம் ஆண்டு இருபதாயிரம் வெள்ளி கொடுத்து, ஜப்பானிய வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கினார். பல வீடுகளை வாங்கத்தக்க பொருள் அது. 1938இல் அவற்றைக் காக்கக் காட்சியகமும் அமைத்தார். இன்று நாரைச் சாடி கொரிய நாட்டின் புகழ்மிக்க கலைச்செல்வங்களுள் ஒன்று.

அந்நாரைச் சாடியையும், மாதோக் கடலின் தாமரைச் சாடியையும் நம் மனத்தில் அருகருகே வைத்து நோக்குவோம். அழகில் நாரைச் சாடி மேம்பட்டது என்பார் பலர். ஆனால் ‘உன்னை முதன்முதல் பெற்றவர் யார்? உன்னுள் இருந்தது யாது?’ என்று வினவினால், அது விடை கூறாது. தாமரைச் சாடியோ, தன்னைப் பெற்றவர் பெயரையும் தன்னுள் இருந்த பொருளையும் கூறும். இவ்வேறுபாடு கலைத்திறனால் வந்ததன்று. ஒன்று தன் இடத்தினின்று பறிக்கப்பட்டது; மற்றொன்று தன் இடத்திலேயே, தன் துணைப்பொருளோடு கண்டெடுக்கப்பட்டது. அவ்வளவே.

துணைப்பொருளின் ஆற்றலுக்கு மற்றும் ஒரு சான்று கூறலாம். வெள்ளரிப் பழம்போல் வரிவரியாகப் பிளவுபட்ட வடிவுடைய பூச்சாடி ஒன்று சியோல் நகரில் உள்ள கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஓவியம் ஏதும் இல்லை. எனினும் இன்ஜோங் மன்னர் கல்லறைக்கு உரியதாய், 1146ஆம் ஆண்டு குறித்த ஏட்டோடு அது வந்து சேர்ந்தது. ஆதலின், மற்றைய கலங்களின் காலத்தை அளந்தறியும் அளவுகோலாக அஃது இன்றும் பயன்படுகின்றது. ஆண்டு குறித்த ஏடு ஒன்று உடனிருந்தமையால் ஒரு கலம் பல கலங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

முடிவுரை

பழம்பொருளைப் போற்றுதல் என்பது அதன் அழகைப் போற்றுதல் மட்டுமன்று. அது கிடந்த இடத்தையும், அருகே கிடந்த சிறு துரும்பையும் போற்றுதலாகும். மாதோக் கடலில் மூழ்கியோர் பச்சைச் சாடியின் அழகில் மயங்கி, அதனை மட்டும் பற்றிக்கொண்டு மேலே வந்திருந்தால் என்னாகும்? மூங்கில் ஏடு சேற்றோடு சேறாய்ப் போயிருக்கும். நாமும் அச்சாடியை மலர்க்கொம்பு செருகிய கலம் என்றே எண்ணிக்கொண்டிருப்போம்.

மாணவர்களே! வயலை உழும்போதோ, கிணறு தோண்டும்போதோ, கடலில் வலை வீசும்போதோ பழங்கலம் ஒன்று உங்கள் கண்ணிற் படக்கூடும். அதனைப் பிடுங்கி எடுக்க விரைதல் வேண்டா. உடைந்த ஓடுதானே என்று எறிந்துவிடுதலும் வேண்டா. கண்டது கண்டவாறே இருக்க விட்டு, அறிந்தவர்க்கு அறிவியுங்கள். பச்சைத் தட்டைக் கண்ட அம்மீனவர் செய்தது அதுவே. அவர் நூல் பல கற்ற அறிஞர் அல்லர். ஆயினும் அவர் வாய் திறந்தமையாலன்றோ இருபதாயிரம் கலங்கள் வாய் திறந்தன!

மரக்கலம் மூழ்கியது, அதனை ஓட்டியவர் மறைந்தனர், தேனும் எண்ணெயும் கடலோடு கலந்தன, அவற்றை எதிர்நோக்கி இருந்த இல்லமும் இன்று இல்லை. மட்கலம் மட்டும் தன் அணியோடு நிற்கின்றது. பெயரறியாக் குயவர் ஒருவர், மண் இறுகும் அச்சிறு பொழுதில், கை நடுங்காமல் கீறிய தாமரை, எண்ணூறு ஆண்டு நீரடியில் இருந்தும் வாடவில்லை.